மூடிக் கிடந்த இரண்டு டிரம்

பேக்கிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் கம்பெனியில் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வை போட்டார்கள். முப்பது வருஷம் துணியோடு புழங்கியவளுக்கு, ஒரு தண்ணிக்குத் தாங்காது என்று தொட்டதுமே தெரிகிற சால்வை. போகட்டும். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த உங்களில் ஒருத்தி, என் பையில் இருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஆச்சி, ஒருத்தன் இருதயத்த எடுத்து இன்னொருத்தனுக்கு வச்சு ஓட்டுதாங்க. இன்னுமா இதத் தூக்கிக்கிட்டுத் திரியுதீய?" என்று கேட்டாள்.

சுற்றி இருந்த நீங்களெல்லாம் சிரித்தீர்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். சர்ச் என்பதை எங்கள் பக்கத்தில் கோயில் என்றுதான் சொல்லுவோம். ஆனாலும் மெதுவாக எழுதுவேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

"இந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்து யார் பேசினாலும் எனக்கு எரிச்சல் வரும். ஏதோ காலத்தை அவர்களே அடுப்பில் வைத்து வடித்து இறக்கியது மாதிரி. எனக்கும் ஒரு இந்தக் காலம் இருந்தது. அதிலும் புது மெஷின் வந்தது. அதிலும் இதே கேள்வியை இதே சிரிப்போடு கேட்டார்கள்.

புது மெஷின் என்றது ஆவிப் பெட்டியை. ஆட்டோகிளேவ் என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி, உள்ளே காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை வைத்துக் கொதி ஆவி விட்டால் கிருமியெல்லாம் சாகும். எண்பதுகளின் நடுவில் அது நம் கம்பெனிக்கு வந்து இறங்கிய அன்று முதலாளி பூசணிக்காய் உடைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார். அது அவர் வழக்கம், குறை சொல்ல நான் யார். ஆனால் எங்களில் ஏழெட்டுப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நம் பங்குக்கும் ஏதாவது நடக்க வேண்டும் என்று ஜெபம் பண்ண ஒரு ஊழியக்காரரைக் கூட்டி வந்தார்கள். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. அவர் பெட்டியின் தலையில் கைவைத்து இருபது நிமிஷம் சத்தம் போட்டார். முடிவில் ஒரு பாட்டிலைத் திறந்து, பிரஷர் காட்டுகிற மீட்டரின் கண்ணாடியில் எண்ணெயைத் தாராளமாகத் தடவினார்.

பாய்லர்காரர் வந்து குனிந்து பார்த்தார். "யக்கா, ஒங்க சாமிக்கு எண்ணெ வழியாப் பாக்கக் கண்ணு இருக்கும்போல. எனக்கு முள்ளு எங்க நிக்கிதுன்னு தெரியலியே."

நான்தான் சோப்புத்தூள் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். அந்த இருபது நிமிஷ ஜெபத்தில் ஒரு கிருமியும் சாகவில்லை. அப்புறம் விட்ட இருபது நிமிஷ ஆவியில் அம்புட்டும் செத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இதனால் ஒருத்தனுக்கு விசுவாசம் போகும் என்றால் அவனிடம் இருந்தது விசுவாசம் இல்லை, அந்த எண்ணெய்தான்.

பாய்லர்காரர் நல்ல வேலைக்காரர். ஆனால் எங்கெங்கோ கூட்டத்துக்குப் போய்ப் பேச்சுக் கேட்டு வருவார். கடவுள் இல்லை என்று காலையில் எனக்கு ஒரு தடவை அறிவித்துவிட்டுத்தான் பாய்லரைப் பற்றவைப்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தது டேப். ஆவி பட்டால் கறுப்புக் கோடு விழுமே, அந்த டேப். அப்போது அது புதுசு.

"பாத்தியாக்கா. கறுப்புக் கோடு வந்தாச் சுத்தம். வரலியா, அசுத்தம். ஒலகம் இம்புட்டுதான். இதுக்கு நடுவுல ஒங்க ஆளுக்கு என்ன வேல?"

உள்ளதைச் சொன்னால், அந்த நாளில் நான் கோயிலுக்குப் போனது வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வருகிற பழக்கம், அவ்வளவுதான். ஆராதனையில் ஒரு இடம் வரும். எல்லாரும் எழுந்து நின்று, நாங்கள் தப்புச் செய்தோம், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் இதை ஏன் என் வாயில் திணிக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். கரண்டு ஆபீஸ்காரர் சொல்லட்டும், வட்டிக்கு விடுகிற அம்மாள் சொல்லட்டும், அவர்களுக்குத் தேவை. டிரம் டிரம்மாகச் சுத்தம் பண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற நான் என்ன தப்புச் செய்தேன் என்று, பல்லுக்குள் முணுமுணுத்துவிட்டு உட்காருவேன்.

அப்படிப்பட்டவள்தான் செய்தேன். கேளுங்கள்.

ஆவிப் பெட்டி வந்து எட்டு வருஷம் கழித்து, ஆடிப்பூரத் தேர் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் என்றால் சுற்றுவட்டாரத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காது. மடவார் வளாகம் பக்கம் என் வீட்டிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறுவதற்கே கூட்டத்தை இடித்துத்தான் வந்தேன். பேக்கிங்கில் பாதிப் பேர் இல்லை. பதினோரு மணி இருக்கும், முதலாளி அறையில் போன் அடித்தது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட்டில் வெடி விபத்து. வெந்தவர்களில் கொஞ்சப் பேரை ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களிடம் காஸ் கட்டு போதாது. மதுரையிலிருந்து வர வேண்டியது தேர்க் கூட்டத்துக்குள் எங்கேயோ சிக்கி நிற்கிறது. மூன்று மணிக்குள் ஆறு டிரம் வேண்டும்.

இப்போது எல்லாம் தாளில் அடைத்து அனுப்புகிறீர்கள். அப்போது பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு டிரம்மோடே அனுப்புவோம். டிரம் என்றால் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, மேலே நம்பர் எழுதியிருக்கும். அதன் இடுப்பைச் சுற்றி ஓட்டைகள், ஓட்டைகளை மறைக்க நகர்த்துகிற ஒரு வளையம். ஆவிப் பெட்டிக்குள் வைக்கும் முன்னே வளையத்தை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் ஆவி உள்ளே போகும். வெளியே எடுத்ததும் சூட்டோடே மூடிவிட வேண்டும், காற்றும் தூசியும் போகக் கூடாது. டேப் டிரம்முக்கு வெளியே ஒட்டியிருக்கும். திறப்பதும் மூடுவதும் செக்‌ஷன் பொறுப்பாளியான என் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அன்றைக்கு உதவிக்கு நின்ற இரண்டு பிள்ளைகள், "நாங்க தொறந்து விடுதோம்க்கா, நீங்க துணிய அடுக்குங்க" என்றார்கள்.

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்கட்டி. நீங்க தொட்டா நான் திரும்பப் பாக்கணும்" என்றேன்.

நாலு டிரம்மைத் திறந்து வைத்தேன். மீதி இரண்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே பாய்லர்காரர் கத்துகிறார், பிரஷர் ஏறிவிட்டது, கதவை மூடப் போகிறேன் என்று. அடுக்கி, மூடி, தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். கதவு மூடியாயிற்று.

வெளியே எடுத்த பிறகு கந்தல் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு வளையமாக மூடினேன். நாலாம் நம்பர் டிரம்மில் வளையம் ஏற்கெனவே மூடியிருந்தது. ஆறாம் நம்பரிலும் மூடியிருந்தது.

பாய்லர்காரர் பார்த்துவிட்டு, "யாராவது மூடியிருப்பாகக்கா. டேப்பப் பாரு, கறுப்பாத்தான இருக்கு" என்றார்.

இருந்தது. ஆறு டிரம்மிலும் கோடு அழகாக விழுந்திருந்தது. வெளியே ஆவி படத்தானே செய்யும். ஆனால் யாரும் மூடவில்லை என்று எனக்குத் தெரியும். தொடக் கூடாது என்று சொல்லி நிறுத்தி வைத்ததே நான்தானே. மூடியிருக்கிறது என்றால் திறக்கவே இல்லை. உள்ளே இருக்கிற துணி சூடாகியிருக்கும், சுத்தமாகியிருக்காது.

வேன்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு டிரம்மைத் திரும்ப வைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஏன் என்று முதலாளி கேட்பார். அந்த இரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ஆறு டிரம்மையும் என் கையாலேயே தூக்கி வேனில் ஏற்றினேன்.

இதில் அழுத்தம் தாங்காமல் செய்துவிட்டேன், அவசரம், கூட்டம் என்று நான் சொல்லமாட்டேன். வளையத்தைத் திறக்காதது அவசரம். ஏற்றி அனுப்பியது நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களே. அந்த இடம் வந்தது, எல்லாரும் எழுந்தார்கள். கரண்டு ஆபீஸ்காரர் சொல்லுகிறார், வட்டி அம்மாள் சொல்லுகிறாள், நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எத்தனையோ வருஷமாக அர்த்தம் இல்லாமல் முணுமுணுத்த வார்த்தை, ஒரு நாள் உண்மையாகப்போன உடனே தொண்டையில் நின்றுகொண்டது. பக்கத்தில் நின்றவள், "என்னக்கா, தல சுத்துதா?" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை உதறிவிட்டு, ஆராதனை நடக்க நடக்கவே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து ராஜபாளையம் பஸ் ஏறினேன். ரோடெல்லாம் முந்தின நாள் தேருக்கு வந்தவர்கள் தின்று போட்ட கரும்புச் சக்கை.

வார்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வயதானவர். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. யாரிடமும் சிரித்துப் பேசி நான் கண்டதில்லை. எட்டு வருஷமாக என் டிரம்களை வாங்கிக்கொள்கிறவர், அன்றுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சிஸ்டர், நாலும் ஆறும் சரியா வேகல. திறக்காதீங்க" என்றேன்.

"டேப் கறுத்திருந்துச்சே."

"வளையத்த நான் திறக்கல."

அவர் உள்ளே போனார். ஆறாம் நம்பர் டிரம் அப்படியே இருந்தது. அதைத் தூக்கி வந்து தரையில் வைத்து, மேலே சுண்ணாம்புக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு சொன்னார்:

"நாலு நேத்து சாயங்காலமே திறந்தாச்சு. பொம்பளைங்க ரூமுக்குப் போனது. அங்க ஒரே ஒரு பிள்ளைதான். வலது கை, முழங்கைக்குக் கீழ. நல்ல டிரம்ல இருந்து எடுத்து உடனே மாத்துதேன்."

நான் குனிந்து ஆறாம் நம்பர் டிரம்மைத் தூக்கினேன்.

"வேலைக்கு வந்த சேலையா இது?" என்று என் வெள்ளைச் சேலையைப் பார்த்துக் கேட்டார்.

"கோயில்ல இருந்து வாரேன். பாதியில எந்திச்சு வந்தேன்."

"பிரசங்கத்துக்கு முன்னாலயே வந்தியே. அது முடியற வரைக்கும் இருந்திருந்தா ஆறாம் நம்பரையும் திறந்திருப்பேன்." அப்புறம், "ஞானம்மா, இருபத்தஞ்சு வருசமா டிரம் திறக்கேன். தப்பாப் போச்சுன்னு சொல்லிக்கிட்டு வந்தது நீ ஒருத்திதான். மத்தவங்க அனுப்புனது எல்லாம் சரியா இருந்துச்சுன்னா நெனைக்க?" என்றார்.

இந்தப் பேச்சைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். டேப்பை விடுங்கள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் நான் செய்ததற்கு இல்லை, சொன்னதற்கு. "ஏம்மா, மொதல்ல எங்கிட்டல்லா வரணும்? ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டப் போய்ச் சொன்னா நாளைக்கு எவன் நம்ம துணிய வாங்குவான்?" பாய்லர்காரர் எனக்காகப் பேச வந்தார், பாவம். "சார், டேப் கறுத்திருக்கு. எழுத்துல அது போதும். அக்காவா எதையோ நெனச்சுக்கிட்டு ஒளறுதாக." கறுப்புக் கோடு வந்தால் சுத்தம் என்று எனக்குப் பாடம் எடுத்த மனுஷன், கோடு பொய் சொல்லும் என்று தெரிந்த பிறகும் கோட்டையே பிடித்துக்கொண்டு தொங்கினார். என்னைப் பொறுப்பிலிருந்து இறக்கி, துணி சுற்றுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். நான் வேலை பழக்கிய பிள்ளைக்குக் கீழே ஒரு வருஷம் சுற்றினேன். அது எனக்கு வேண்டியதுதான்.

நாலாம் நாள் அந்தப் பிள்ளையின் கையில் சீழ் வைத்தது.

அப்போதுதான் ஒவ்வொருவராக எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆறுதல் என்றால் எப்படி என்று கேளுங்கள். டாக்டர் படித்த மனுஷர், நல்லவர்தான். "தீக்காயம்னா சீழ் வைக்கத்தாம்மா செய்யும். ஒங்க துணியாலதான்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார். முதலாளி, "சிஸ்டர்கிட்ட சொன்னதோட நிறுத்திக்கோ. அந்தப் பிள்ள வீட்டாளுக காதுல விழுந்துரக் கூடாது" என்றார். எங்கள் சபை மூப்பர் வீட்டுக்கே வந்தார். அவர் கவலை வேறு. ஆராதனை நடுவில் எழுந்து போனது சபைக்கு மரியாதைக் குறைவாம்.

"அது இருக்கட்டும் ஐயா, இந்தப் பிள்ள விஷயம் என்ன செய்ய?" என்றேன்.

"கர்த்தர்கிட்ட அறிக்க பண்ணியாச்சுல்லா. மனுசர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கிறிஸ்தவங்க இப்படின்னு ஊரு பேசவா?"

"வெந்தது கர்த்தர் கையா ஐயா?"

அவர் காபியைக் குடிக்காமல் போனார். அதை நான் குடித்தேன்.

பாருங்கள், பாய்லர்காரரும் முதலாளியும் டாக்டரும் கோயில்காரரும் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இதில் மட்டும் நாலு பேருக்கும் ஒரே பேச்சு, சொல்லாதே. தப்பே நடக்கவில்லை என்று காட்ட இந்தக் காலத்தில் ஆயிரம் வழி வைத்திருக்கிறார்கள். டெஸ்ட், டேப், ரிஜிஸ்டர், வக்கீல். நடந்துவிட்டது என்று எனக்குத் தெரியுமே, அந்த என்னை என்ன செய்ய என்று கேட்டால் ஒருத்தரிடமும் ஒன்றும் இல்லை. உங்கள் இருதய ஆபரேஷன்காரனிடமும் கிடையாது. எடுத்து மாற்ற முடிகிற இருதயம் இல்லை அது.

நானும் மூப்பரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேனே தவிர, அப்புறம்தான் அது எனக்கே திரும்பி வந்து உறைத்தது. வெந்தது கர்த்தர் கையா என்று கேட்டேன். சிலுவையில் ஆணி பாய்ந்த கை அல்லவா அது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, பல்லி சொல்லுகிற மாதிரி காதில் விழுந்துகொண்டே இருந்தது, உறைக்கவில்லை. காயத்துக்குத் துணி செய்து சோறு தின்கிறவள் நான். அடிபட்டவன் பக்கம் நின்றுகொண்டு, அடித்தவனையும் துரத்தாமல் வைத்துக்கொள்கிற ஒருவர் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. வேறு எங்கே போய்த் தேட. அவரிடம் போனால் "சொல்லாதே" என்று மட்டும் சொல்லமாட்டார் என்று தெரிந்தது. அதற்கு வேதப்புத்தகம் முழுக்கப் படித்திருக்க வேண்டியதில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பிள்ளை பேர் மாரி, பத்தொன்பது வயது, மம்சாபுரம். தகப்பன் இல்லை. தாயார் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் நின்றபடியே சொன்னேன். கம்பெனி, டிரம், வளையம், வேனில் ஏற்றியது, எல்லாம். ஒரு நாள் சும்மா இருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

அவள் தூக்குவாளியைத் துடைத்து முடித்தாள். மூடியையும் துடைத்தாள்.

"டாக்டரு அப்படிச் சொல்லலியே" என்றாள்.

"அவியளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"இத எங்கிட்ட ஏன் சொல்லுத? நான் ஒன்ன மன்னிச்சேன்னு சொல்லணும், நீ போய் நிம்மதியாத் தூங்கணும், அதான?"

அதற்குத்தான் போயிருந்தேன்.

"சொல்லமாட்டேன்" என்றாள். "அது எம்மவ கை. காலைலயும் சாயந்தரமும் கட்டப் பிரிக்காக. பிரிக்கும்போது இவ கெடந்து துடிக்கத என்னால பாக்க முடியல, வெளிய போயிருதேன். நாளையிலேர்ந்து சாயந்தரம் நீ வந்து பிடிச்சுக்கிடு. நீ செஞ்ச துணிதான, நீயே பாரு."

மறுநாள் போனேன். போய்க்கொண்டே இருந்தேன். இரண்டு மாதத்துக்கு மேலே, தாயாரை அண்ணி முறை வைத்து மயினி என்று கூப்பிடும் அளவுக்கு. ஷிப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரி, அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். எத்தனை வருஷமாக மடித்து அடுக்கி அனுப்பிய துணி, புண்ணில் ஒட்டிக்கொண்டு உரிந்து வருவதை அன்றுவரை நான் பார்த்ததே இல்லை. உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேலையில் உட்காருங்கள். நான் சுற்றுகிற மேஜையில் இருந்தபடியே முதலாளியிடம் தினமும் நச்சரித்து, டிரம்முக்குள்ளேயும் ஒரு டேப் போட வைத்தேன். அது கறுக்கவில்லை என்றால் சிஸ்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குக் கடவுள் வேண்டாம், டேப் போதும், பாய்லர்காரர் சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. ஆனால் அந்த டேப்பை உள்ளே போடச் சொல்லி எந்த டேப்பும் சொல்லவில்லை.

மாரி வாயாடி. வலி குறையக் குறைய வாய் கூடியது.

"அம்மா, டிரம்மு அக்கா வந்துட்டாக" என்பாள் நான் வாசலில் வரும்போதே. "இன்னைக்கு வளையத்தத் திறந்தீயளா, இல்ல மறந்துட்டீயளா?"

"திறந்தேன்டி."

"சத்தியமா?"

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாது."

"அதான் வசதியாப் போச்சு ஒங்களுக்கு" என்பாள். கட்டைப் பிரிக்கும்போது என் புஜத்தில் பல்லை வைத்து அழுத்துவாள். ரவிக்கையில் எச்சில் ஈரம் காயாமலே பஸ் ஏறியிருக்கிறேன்.

பாய்லர்காரர் ஒருநாள் கேட்டார். "யக்கா, தெனமும் எங்க ஓடுத? அந்தப் பிள்ளகிட்டயா? ஒனக்கு இது தேவையா? எவன் கேட்டான்?" எவனும் கேட்கவில்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஆனால் அதற்குப் பிறகு காலையில் கடவுள் இல்லை என்று அறிவிப்பதை அவர் விட்டுவிட்டார். பாய்லரை மட்டும் பற்றவைத்தார்.

கை ஆறியது. ஆனால் முழுசாக இல்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் ஒட்டி மடங்கி நின்றுவிட்டன. துணியால் வந்ததா, தீயால் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. தெரிந்தால் ஒன்று குற்றவாளி, இல்லாவிட்டால் விடுதலை. இரண்டும் இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு மனுஷி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்றால் அவளுக்குக் காலை ஊன்ற ஒரு இடம் வேண்டும். எனக்கு அந்த இடம் இருக்கிறது. உங்களுக்கு எங்கே என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரம் நாள் எல்லாருக்கும் வரும்.

அவர்கள் வீட்டுக்குப் போகிற அன்று முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கட்டு எல்லாம் எடுத்தாயிற்று. மாரி ஜன்னல் பக்கம் நின்று ஒற்றைக் கையால் சடை போட முயற்சி பண்ணிக்கொண்டிருந்தாள். தாயார் தட்டையும் டம்ளரையும் துணிமணியையும் ஒரு வயர் பையில் திணித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். எங்கள்ல ஒரு குத்தம் நடந்துச்சுன்னா கெடா வெட்டுவோம், மொட்ட போடுவோம். தீந்துரும். ஒங்க சாமி ஒங்கிட்ட என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல மயினி."

"ஒண்ணுமேவா?"

"நம்ம குடுக்க வேண்டியத அவரே குடுத்துட்டாருன்னு சொல்லுவாக."

அவள் திணிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்ப ரொம்பக் கஷ்டம்லா" என்றாள். "கெடான்னா ஒரு நாளோட போச்சு. ஒண்ணும் வேண்டாம்னு சொன்ன எடத்துல என்னத்தக் கொண்டுபோய்க் குடுத்து ஈடு கட்டுவ?"

"கட்ட முடியாது மயினி. அதான் அவருகிட்டயே போறேன்."

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். கட்டிவிட்டு அதை என் காலடியில் நகர்த்தி வைத்தாள்.

"சரி, இந்தப் பையத் தூக்கு. மம்சாபுரம் பஸ்ஸு போயிரும்."

தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். மாரி முன்னால், கட்டு இல்லாத கையை வெயிலில் வீசி வீசிப் போனாள்.